பார்சல் வாங்கிக்கோ

தோழர்களே, தீண்டாமைக் கணக்கெடுப்புக்கு ஊருக்குள் போகும்போது நம் படிவத்தில் என்னென்ன இடங்களை எழுதி வைத்திருக்கிறோம்? டீக்கடை, முடிதிருத்தும் கடை, கோயில், தேர், சுடுகாட்டுப் பாதை, ரேஷன் கடை, பள்ளிக்கூடத்துச் சத்துணவு. நாங்களும் பல ஆண்டுகளாக இந்தப் பட்டியலைத் தூக்கிக்கொண்டுதான் அலைந்தோம். அதில் பார் இல்லை. விட்டுப்போனது மறதியால் அல்ல. எழுத வெட்கப்பட்டோம். சமூகப்பணி படித்தவர்கள் சாராயக்கடை வாசலில் படிவத்தோடு நிற்பதா என்று ஒரு கூச்சம்.

அந்தக் கூச்சம் போன கதையைச் சொல்கிறோம். நாசரேத்திலிருந்து கொஞ்சத் தொலைவில் ஒரு ஊர். இன்னும் வழக்கு பதிவாகவில்லை என்பதால் ஊர்ப் பெயரோ கடை எண்ணோ இங்கே வராது. காலனியைச் சேர்ந்த ஒரு மாமாவும் மருமகனும் சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறார்கள். மாமாவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது, வெள்ளையடிக்கும் வேலை. மருமகன் கல்லூரி முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் அவரோடு போகிறவன். ஜன்னல் கம்பி வழியே குவார்ட்டர் வாங்கியதில் ஒரு சிக்கலும் இல்லை. ரூபாய் நோட்டுக்குத் தீட்டு கிடையாது. பக்கத்தில் இருக்கும் பாருக்குள் கால் வைத்தபோதுதான், மாமாவின் மகன் வயதுள்ள ஒரு பையன் சொல்லியிருக்கிறான்: “ஏல, உள்ள இடம் இல்ல. பார்சல் வாங்கிக்கோ.”

உள்ளே நான்கு மேசைகள் காலியாகக் கிடந்தன. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. உட்கார்ந்துதான் குடிக்க வேண்டும் என்றால் கட்டடத்துக்குப் பின்னால், காலி பாட்டில் சாக்குகள் அடுக்கிய இடத்தில், ஒரு கல் இருக்கிறது. மாமா வாய் பேசாமல் அங்கே போய் உட்கார்ந்துவிட்டார். பல வருஷமாக அவருக்கு அதுதான் இடம். மருமகன் உட்காரவில்லை. மறுநாள் எங்களிடம் வந்தான். அதற்கு மறுநாள் மாமாவும் வந்தார், புகாரைத் தடுக்க. “விட்டுருங்க தம்பி. குடிக்கப் போன இடத்துல என்ன கௌரவம்?”

இந்தக் கட்டுரை மாமாவின் அந்தக் கேள்விக்கு எங்கள் பதில்.

முதலில் பார் என்றால் என்ன என்று அரசாங்கத்தின் தாளிலிருந்தே பார்ப்போம். 2003 நவம்பர் 29இல் டாஸ்மாக் சில்லறை விற்பனையைக் கையில் எடுத்தது. பாட்டில் விற்பது அரசு. பார் நடத்துவது ஏலம் எடுத்த தனியார். அந்த ஏல அறிவிப்பைப் படித்துப் பாருங்கள். குடிக்க இடம் கொடுக்கும் உரிமை என்று அது சொல்லாது. பாரில் தின்பண்டங்கள் விற்பதற்கும் காலி பாட்டில்களைச் சேகரிப்பதற்கும் உரிமை என்றுதான் இருக்கும். அதாவது அரசின் கண்ணில் பார் ஒரு சாப்பாட்டுக் கடை. ஆம்லெட், சுண்டல், சிக்கன் 65, குடல் வறுவல், வறுத்த மீன் விற்கும் கடை. வாசலில் சட்டியில் எண்ணெய் கொதிக்கிறது, உள்ளே மேசை கிடக்கிறது, பொதுமக்கள் வந்து காசு கொடுத்துத் தின்கிறார்கள். அரசமைப்புச் சட்டத்தின் 15(2) ஆவது பிரிவு கடை, பொது உணவகம், விடுதி, பொதுக் கேளிக்கை இடம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, சாதியின் பேரில் எந்தக் குடிமகனையும் அங்கே தடுக்கக் கூடாது என்கிறது. பாருக்கு அதில் விலக்கு எழுதப்படவில்லை. குடிக்கிறவன் குடிமகன் இல்லை என்றும் எழுதப்படவில்லை. (‘குடிமகன்’ என்ற சொல்லை வைத்து நம் ஊரில் அடிக்கும் நகைச்சுவையை இன்றைக்கு ஒதுக்கி வைப்போம். அந்தச் சிரிப்பு பெரும்பாலும் யாரைப் பார்த்து என்பது நமக்குத் தெரியும்.)

சரி, இந்தக் கடைக்கு என்ன வரலாறு?

நாசரேத் பனங்காட்டு ஊர். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் ரயிலில் இங்கே இறங்கி எந்தப் பக்கம் நடந்தாலும் தேரி மணலும் பனையும்தான். பாளையின் நுனியைச் சீவிக் கலயத்தைக் கட்டுகிறார்கள். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி. ஒரு விரல் சுண்ணாம்புதான் வித்தியாசம். ஆனால் அந்த ஒரு விரல் சுண்ணாம்பை வைத்து இங்கே ஒன்றரை நூற்றாண்டாக அறநெறிப் பிரசங்கம் நடந்திருக்கிறது. வெள்ளைக்கார அரசு 1886இல் ஆப்காரிச் சட்டம் போட்டு மரத்துக்கும் கடைக்கும் காசு வாங்கியது. வாங்கிய அதே கையால் குடியின் தீமையைப் பற்றியும் எழுதியது. மிஷன் பங்களாவில் மதுவிலக்குப் போதனை, தாலுகா கச்சேரியில் கடை ஏலம்.

1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948இல் அது மாகாணம் முழுவதும் வந்தது. 1971இல் கருணாநிதி திறந்தார், 1974இல் அவரே மூடினார். 1981இல் எம்.ஜி.ஆர். திறந்தார். 1983இல் டாஸ்மாக் பிறந்தது. 1987 முதல் கள்ளுக்குத் தடை, 1991இல் மலிவு விலைச் சாராயத்துக்குத் தடை. மிஞ்சியது பாட்டில். இந்தத் தேதிகள் எல்லாப் புத்தகத்திலும் கிடைக்கும். திறந்ததா மூடியதா, வருமானம் எவ்வளவு, தாலி எத்தனை அறுந்தது என்றுதான் இந்த வரலாறு எப்போதும் எழுதப்படுகிறது. திறந்திருந்த காலத்தில் உள்ளே யார் உட்கார்ந்தார், வெளியே யார் நின்றார் என்று எழுதியவர்கள் மிகக் குறைவு.

உட்காருவதைப் பற்றி எழுத வேண்டுமானால் பாத்திரத்தில் தொடங்க வேண்டும்.

பனங்காட்டில் பதநீரோ கள்ளோ பட்டையில்தான் குடிப்பார்கள். குருத்தோலையை மடக்கிக் கட்டினால் பட்டை. குடித்ததும் எறிந்துவிடலாம். நகரத்திலிருந்து வருகிறவர்கள் இதைப் பார்த்து எவ்வளவு அழகு, எவ்வளவு இயற்கை என்று படம் எடுத்துப் போடுகிறார்கள். அழகுதான். கூடவே இன்னொன்றையும் பாருங்கள். எறியும் பாத்திரத்தில் எச்சில் பிரச்சினை வராது. இருவர் ஒரே பாத்திரத்தைத் தொட வேண்டிய நிலைமையே வராது. டீக்கடை வந்து, கண்ணாடித் தம்ளரைக் கழுவித் திரும்ப அடுக்க வேண்டிய நிலை வந்ததும் சாதிக்கு மூச்சு முட்டியது. உடனே நமக்குத் தேங்காய்ச் சிரட்டை வந்தது. பிறகு தனித் தம்ளர், அதை நாமே கழுவி ஆணியில் மாட்ட வேண்டும். போராடினோம், வழக்குப் போட்டோம், தனித் தம்ளர் பல ஊர்களில் மறைந்தது. அதன் இடத்தில் எல்லோருக்குமாக யூஸ் அண்ட் த்ரோ கப் வந்தது. ‘எங்கள் ஊரில் இரட்டைக் குவளை இல்லை’ என்று அதிகாரிகள் அறிக்கை எழுதினார்கள். இரட்டைக் குவளை போனது உண்மை. ஒரே குவளை வந்ததா? குவளையையே குப்பையில் போட்டுவிட்டு அதற்குச் சமத்துவம் என்று பெயர் வைத்தார்கள்.

பாரில் இது இன்னும் முற்றிப்போன நிலை. தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் டம்ளர், ஊறுகாய் பாக்கெட், எல்லாம் தூக்கி எறிவது. 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து இந்த டம்ளருக்குத் தமிழ்நாட்டில் தடை. தடையை மதிக்கும் பார் எத்தனை என்று நீங்களே போய்ப் பாருங்கள். நாளைக்கே உண்மையாக மதித்துக் கண்ணாடி கிளாஸ் கொண்டுவந்தால், அந்தக் கிளாஸை யார் கழுவுவது, யாருக்கு எந்தக் கிளாஸ் என்ற பழைய சண்டை எங்கள் பக்கத்தில் மறுநாள் காலையிலேயே தொடங்கும். சுற்றுச்சூழல் தோழர்கள் கோபப்பட வேண்டாம், பிளாஸ்டிக்கை ஆதரிக்கவில்லை. எது எதை மூடி வைத்திருக்கிறது என்று சொல்கிறோம்.

“சும்மா இருங்க தோழர், சாதி இல்லாத ஒரே இடம் ஒயின்ஷாப்தான்” என்று நம் நண்பர்களே சொல்வார்கள். சினிமாவில் வரும், கவிதையில் வரும். அதில் கொஞ்சம் உண்மை உண்டு, மறுக்க மாட்டோம். எங்களில் சிலர் ஆதிக்க சாதி நண்பனோடு முதன்முதலில் ஒரே தட்டில் கை வைத்துத் தின்றது பாரில்தான். அவன் வீட்டு அடுக்களையை அன்றும் பார்த்ததில்லை, இன்றும் பார்த்ததில்லை. அண்ணா நினைவு நாளில் கோயில்களில் நடக்கும் பொதுவிருந்தில் அதிகாரியும் அமைச்சரும் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் படம் எடுத்துக்கொள்வதைவிட, அந்த ஒரு தட்டு மேல் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அந்தத் தட்டு கிடைத்தது தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும், யாரும் யாரையும் அறியாத பெரிய பார்களில். ஊர் பாரில் முகம் தெரியும், தெரு தெரியும், அப்பன் பெயர் தெரியும். முகம் தெரியாததால் கிடைக்கும் நாற்காலியை வைத்துக்கொண்டு சாதி போய்விட்டது என்று சொல்லக் கூடாது. பிடிபடாமல் உட்கார்ந்திருக்கிறோம், அவ்வளவுதான். இன்னொன்று: சாதி இல்லாத அந்த ‘ஒரே இடத்தில்’ நம் பெண் தோழர்கள் கால் வைக்க முடியாது. 15(2)இல் சாதிக்குப் பக்கத்திலேயே பால் என்ற சொல்லும் இருக்கிறது.

தின்பண்டத்துக்கும் வருவோம். பட்டியலில் கோழி இருக்கும், காடை இருக்கும், மீன் இருக்கும். மாட்டுக்கறி எத்தனை பாரில் இருக்கிறது? நகரங்களில் பாருக்கு வெளியே, ரோட்டோரத் தள்ளுவண்டியில் சில்லி பீஃப் விற்கும். உள்ளே வராது. 2022இல் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்த மாவட்ட நிர்வாகம் மாட்டுக்கறியை விலக்கி வைத்தது. இது பாகுபாடு இல்லையா என்று மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டி விழாவே தள்ளிப்போனது. ஆளைத் தடுக்க முடியாத இடத்தில் ஆளின் சாப்பாட்டைத் தடுப்பதும் ஒரு கதவுதான்.

இப்போது பார்சலுக்கு வருவோம். இதை நம் ஊர் மாத்திரம் கண்டுபிடிக்கவில்லை.

அமெரிக்காவில் அலபாமா மாநிலம் பர்மிங்காம் நகரில் ஆலீஸ் பார்பெக்யூ என்று ஒரு கடை. 1927இல் தொடங்கியது, ஒரு குடும்பம் நடத்தியது, சுட்ட கறிக்குப் பேர் போனது, 220 பேர் உட்காரலாம். வேலை செய்த 36 பேரில் மூன்றில் இரண்டு பங்கு கறுப்பினத்தவர். கறியைச் சுட்டவர்களின் சாதிசனம் கடைக்கு வந்தால் உட்கார இடம் கிடையாது. வாங்கிக்கொண்டு போகலாம். பார்சல்! 37 வருஷம் இப்படியே ஓடியது. 1964 ஜூலையில் குடியுரிமைச் சட்டம் வந்தபோது கடைக்காரர் திருந்தவில்லை, வழக்குப் போட்டார். என் கடை, என் விருப்பம், உங்களுக்கென்ன என்றார். அதே ஆண்டு டிசம்பர் 14இல் உச்சநீதிமன்ற நீதிபதிகள் அத்தனை பேரும் ஒரே குரலில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். வெளி மாநிலத்திலிருந்து வரும் இறைச்சியை வாங்குகிற கடை, ஆகவே மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் இதன்மேலும் செல்லும் என்று காரணம் காட்டினார்கள். மனித மாண்பைப் பேசாமல் கறிக் கணக்கைப் பேசி வென்ற தீர்ப்பு என்று அதைக் குறை சொல்பவர்கள் உண்டு. எங்களுக்கு அந்தக் குறை இல்லை. நம் அரசமைப்புச் சட்டம் மாண்பைப் பேசுகிறது, நம் பாரில் கல்தான் கிடைக்கிறது.

அடுத்த ஆண்டு, 1965 பிப்ரவரி 12. இங்கிலாந்தில் ஸ்மெத்விக் என்ற தொழிற்சாலை ஊர். இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் அவதார் சிங் ஜௌல் அழைத்து மால்கம் எக்ஸ் அங்கே வந்தார். ப்ளூ கேட்ஸ் என்ற பப்பில் வெள்ளையர் அல்லாதவர்களுக்குச் சில அறைகள் மூடியிருந்தன. அவர்கள் அங்கே போய்க் கேட்டார்கள், மறுக்கப்பட்டார்கள். மால்கம் எக்ஸ் குடிப்பழக்கம் இல்லாத இஸ்லாமியர் என்பதைக் கவனியுங்கள். தனக்கு வேண்டாத சரக்கு விற்கும் கடையில் தனக்கு உரிய இருக்கையைக் கேட்டார். ஒன்பது நாளில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் பொது இடங்களில் நிறப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் பிரிட்டனில் வந்தது. இன்றைக்கு அந்த வட்டாரத்தில் பஞ்சாபிகளே பப் நடத்துகிறார்கள். பீரும் தந்தூரி கிரில்லுமாக அவை பேர் பெற்றிருக்கின்றன. நல்லது. ஆனால் அதே பிரிட்டனில், சமத்துவச் சட்டத்தில் சாதியையும் சேர்க்க வேண்டும் என்று 2013இல் நாடாளுமன்றம் சொன்ன பிறகும், வேண்டாம் என்று இந்துச் சங்கங்கள் மல்லுக்கட்டின. 2018இல் அரசு கைவிட்டது. தோல் நிறத்துக்காக நாற்காலி கேட்டு ஜெயித்த சமூகத்துக்குள்ளேயே சாதிக்காக நாற்காலி கேட்பவனுக்குச் சட்டம் கிடையாது.

இதைப் படிக்கும்போது எங்களுக்கு ஸ்மெத்விக் நினைவில் நிற்பதில்லை, சொந்த ஊர்தான் நிற்கிறது. நாசரேத் வட்டாரத்தில் கடை, பார், பஸ், மில் என்று பலவும் நாடார் சமூகத்தவர் கையில். அந்தச் சமூகம் பட்டது நமக்குத் தெரியும். 1849இல் கால்டுவெல் அவர்களைப் பற்றி எழுதிய புத்தகத்துக்காகப் பல ஆண்டுகள் கொதித்தார்கள். 1897இல் கமுதி கோயிலுக்குள் நுழைந்ததற்காக லண்டன் பிரிவி கவுன்சில் வரை இழுக்கப்பட்டு 1908இல் தோற்றார்கள். 1899இல் சிவகாசியில் வீடுகள் எரிந்தன. கள் இறக்கியதையே காரணம் காட்டித் தீண்டத்தகாதவர் என்று தள்ளி வைக்கப்பட்டவர்கள், இன்று குடிக்கும் இடத்தில் இன்னொருவனைத் தள்ளி வைக்கும்போது நாங்கள் எந்த மொழியில் பேசுவது? இதைச் சொன்னால் “பிற்பட்டோர் ஒற்றுமையை உடைக்கிறீர்கள்” என்பார்கள். கல்லை ஒரு முறை மேசைக்குப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள், ஒற்றுமை எப்படி வருகிறதென்று பார்ப்போம். பெரியார் 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் ‘பிராமணாள்’ பலகையை அழிக்கச் சொல்லி மறியல் நடத்தினார். பலகை இருந்தால் அழிக்கலாம். “உள்ள இடம் இல்ல” என்பதற்குப் பலகையே கிடையாது.

மதுவிலக்குத் தோழர்கள் ஒரு கேள்வி வைத்திருப்பார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60க்கும் மேற்பட்டோர் விஷச் சாராயத்தில் செத்தார்களே, நம் சனம்தானே அதில் அதிகம், அதற்குப் பிறகுமா பாரில் நாற்காலி கேட்கிறீர்கள்? கேட்கிறோம். கடையை மூடுவதா திறப்பதா என்பதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. மூடும்வரை, திறந்திருக்கும் கடையில் யார் எங்கே உட்காருவது என்பதில் இரண்டு கருத்து இல்லை. கோயிலுக்குப் போகாத நாத்திகர்தான் நம்மில் பாதிப் பேர். கோயில் நுழைவுப் போராட்டத்தில் முன்வரிசையில் நின்றோமா இல்லையா?

இனி சட்டம். இங்கேதான் நாசரேத்துக்கே உரிய முடிச்சு இருக்கிறது.

மாமாவின் சான்றிதழில் பட்டியல் சாதி. மருமகன் ஞானஸ்நானம் பெற்றவன், சி.எஸ்.ஐ. சபையில் பாடகர் குழுவில் இருக்கிறான். அவன் சான்றிதழில் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியை இந்துக்களுக்கு என்று கட்டியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர் வெளியேதான். 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டப்பேரவை தீர்மானம் போட்டு ஒன்றிய அரசுக்கு அனுப்பியது, அது அங்கே கிடக்கிறது. பார் பையன் இருவரிடமும் சான்றிதழ் கேட்கவில்லை. இருவருக்கும் ஒரே கல்லைத்தான் காட்டினான். ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்க முடிந்தவர் மாமா, அவர் கொடுக்க மாட்டேன் என்கிறார். கொடுக்கத் துடிப்பவன் மருமகன், அவனுக்கு அந்தச் சட்டம் இல்லை.

ஆனால் நாம் பழசு என்று மறந்துபோன ஒரு சட்டம் இருக்கிறது. 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டமாக வந்து, 1976இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. அதன் 4ஆவது பிரிவு, தீண்டாமையின் பேரில் எந்த நபரையும் கடை, பொது உணவகம் போன்ற இடங்களில் நுழையவிடாமலோ, அங்கே பொதுவுக்கு வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்தவிடாமலோ தடுப்பதைக் குற்றம் என்கிறது. ‘எந்த நபரையும்’ என்பதை அடிக்கோடிடுங்கள். அங்கே பட்டியல் சாதி என்ற சொல் இல்லை. தீண்டாமையின் பேரில்தான் நடந்தது என்று நீதிமன்றமே அனுமானிக்கும் 12ஆவது பிரிவின் வசதி பட்டியல் சாதியினருக்கு மாத்திரம்தான், ஆகவே தலித் கிறிஸ்தவர் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். தண்டனையும் சின்னது, ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம். ஆனால் 8ஆவது பிரிவைப் பாருங்கள். 6ஆவது பிரிவின் கீழ், அதாவது பொருள் விற்கவோ சேவை செய்யவோ மறுத்ததற்காகத் தண்டிக்கப்பட்டவரின் தொழில் உரிமத்தை ரத்து செய்ய நீதிமன்றம் உத்தரவிடலாம். ஏலம் எடுத்துப் பார் நடத்துகிறவருக்குச் சிறையைவிட அது வலிக்கும். மருமகனின் புகாரை 4, 6 இரண்டு பிரிவுகளிலும் எழுதியிருக்கிறோம். சாட்சிக்கு ஆள் தேடுகிறோம்.

படிவத்தையும் மாற்றிவிட்டோம். பாருக்கு என்று தனிப் பக்கம். மேசையில் உட்கார முடிகிறதா, நின்று குடிக்க வேண்டுமா, பார்சல் மட்டுமா? பரிமாறும் பையன் எப்படிக் கூப்பிடுகிறான், வயதில் மூத்தவரை ஒருமையில் பேசுகிறானா? சட்டி முன்னால் நின்று வறுக்கிறவர் யார், காலி பாட்டிலும் வாந்தியும் அள்ளுகிறவர் யார், இருவரும் எந்தத் தெரு? வேண்டும் தோழர்கள் எழுதுங்கள், அனுப்புகிறோம்.

அச்சடிப்பதற்கு முன் மாமாவிடம் காட்டினோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். புகாரில் கையெழுத்துப் போடுவது பற்றி இன்னும் பிடி கொடுக்கவில்லை. படிவத்தில் ஓர் இடத்தில் விரலை வைத்தார். “பின்னால கல்லுல உட்காருறதுன்னு போட்டிருக்கியளே, அது தப்பு. மழை பெஞ்சா அந்தக் கல்லும் கிடையாது. நின்னுட்டுதான்.” திருத்திக்கொண்டோம்.